மேஜைப் பலகை கண்ணில் படும் வரை: குவிந்துபோன வேலை மேஜையை ஒழுங்கு செய்ய முழுமையான வழிகாட்டி

என் மேஜை நான்கடி நீளம், இரண்டடி அகலம், மேலே பழுப்பு நிற சன்மைக்கா ஒட்டியது. அது பழுப்பு நிறம் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. மதுரையில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. கடைக்காரர்கள் மாதம் முழுக்கச் சேர்ந்த பில்களை மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்து மேஜை மேல் வைப்பார்கள், ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார்கள், போய்விடுவார்கள். பை அங்கேயே இருக்கும். டம்ளரும் அங்கேயே இருக்கும்.

போன வருடம் ஒரு கடைக்காரர் சம்பளமாகக் கொடுத்த செக், கீபோர்டுக்கு அடியில் இருந்த பழைய டைரிக்கு அடியில் கிடைத்தது. தேதியைப் பார்த்தால் மூன்று மாதமும் பதினோரு நாளும் தாண்டியிருந்தது. 2012 ஏப்ரல் 1 முதல் செக்குக்கு ஆயுள் மூன்று மாதம்தான், அதற்கு முன்புதான் ஆறு மாதம். அவர் கடையில் போய் நின்று, "அண்ணாச்சி, அந்த செக்கு..." என்று இழுத்தேன். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி ரொம்பப் பத்திரமா வச்சிருந்திருக்கீங்க போல" என்றார். வேறு செக் கொடுத்தார், அது வேறு விஷயம். ஆனால் தன் கடைக் கணக்கைப் பார்க்கச் சொல்லி என்னிடம் பை கொடுக்கிற மனிதர் அவர். அந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கு முன்பும் நான் பல தடவை மேஜையை "அடுக்கி" இருக்கிறேன். பேப்பரையெல்லாம் விளிம்பு சேரத் தட்டி, மூலைக்கு ஒன்றாக நான்கு கட்டு வைத்து, பேனாவைக் குவளையில் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும், பத்து நாளில் பழையபடி ஆகிவிடும். இந்தத் தடவைதான் ஒன்று புரிந்தது. மேஜைக்குச் சாமான் வந்து சேர ஆயிரம் வழி இருக்கிறது, போவதற்கு ஒரு வழியும் இல்லை. அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் "இதை எங்கே வைப்பது" என்று கேட்காதீர்கள், "இது எப்படி இங்கிருந்து கிளம்பும்" என்று கேளுங்கள்.

ஆரம்பிக்கும் முன்: எதையும் வாங்காதீர்கள்

மேஜையை ஒழுங்கு செய்யப்போகிறோம் என்று முடிவெடுத்ததும் கை நேராகப் போகிற இடம் ஆன்லைன் கடை. மூங்கில் டிரே, பேனா ஸ்டாண்டு, ஆறு அறை வைத்த பிளாஸ்டிக் பெட்டி. வேண்டாம். எத்தனை பொருள் மிஞ்சும் என்று தெரியாமல் பெட்டி வாங்கினால் அந்தப் பெட்டியும் குப்பையோடு குப்பையாக மேஜையில் உட்காரும். என்னிடம் அப்படி வாங்கிய மூன்று பேனா ஸ்டாண்டு இருந்தன. ஒன்றில் பேனா இருந்தது, ஒன்றில் பழைய சிம் கார்டு, இன்னொன்றில் இறந்துபோன பல்லி.

வீட்டிலேயே இருக்கும் சாமான் போதும்: நான்கு அட்டைப்பெட்டி, தரையில் விரிக்க ஒரு பழைய வேட்டி அல்லது போர்வை, பழைய பனியன் துணி நாலைந்து, பெயின்ட் அடிக்கிற ஒரு இஞ்ச் பிரஷ் (புதியது), மாஸ்கிங் டேப், ஒரு மார்க்கர், குப்பைக்கு ஒரு சாக்கு. நேரம் ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். காலை ஆறு மணிக்கே ஆரம்பிப்பது நல்லது. காரணம் எளிது, பேப்பர் பிரிக்கும்போது ஃபேன் போட முடியாது. மதுரை வெயிலில் பதினோரு மணிக்கு மேல் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்தால் அடுத்து கையில் வருகிற பேப்பர் எதுவானாலும் "சரி, இருக்கட்டும்" என்றுதான் முடிவெடுப்பீர்கள்.

கடைசியாக, மேஜையை அப்படியே ஒரு போட்டோ எடுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். அப்புறம் மேஜைக்குப் பின்னால் போய் வயர்களையும் ஒரு போட்டோ. இந்த இரண்டாவது போட்டோ வயர்களைத் திரும்ப மாட்டும்போது உயிரைக் காப்பாற்றும்.

முதல் படி: எல்லாவற்றையும் இறக்குங்கள், படிக்காதீர்கள்

மேஜையின் ஒரு மூலையை மட்டும் முதலில் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த மூலையில் இருப்பது அடுத்த மூலைக்குப் போகும், அவ்வளவுதான். டிராயர் உட்பட மொத்தமும் இறங்க வேண்டும்.

இறக்குவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் டம்ளர், தட்டு, தண்ணீர் பாட்டில், பிஸ்கட் கவர், அதாவது எறும்பு வரும் சாமான் எல்லாம் நேராகச் சமையலறைக்கு. இரண்டாவது மின்சாமான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒவ்வொரு வயரையும் பிடுங்கும் முன் இரண்டு முனையிலும் மாஸ்கிங் டேப் சுற்றி எழுதுங்கள்: "மானிட்டர்", "மோடம்", "பிரின்டர்". ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் பிடுங்கினால், ஒரே மாதிரி இருக்கிற மூன்று கறுப்பு அடாப்டரில் மோடத்துக்கு எது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். தப்பான வோல்ட் அடாப்டரைச் சொருகினால் மோடம் போயே போய்விடும்.

மூன்றாவது பேப்பர். எந்தப் பேப்பரையும் படிக்காமல் ஒரே குவியலாக ஒரு அட்டைப்பெட்டியில் போடுங்கள். எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. 2016-இல் வந்த ஒரு கல்யாணப் பத்திரிகை கையில் கிடைத்து, அந்த மாப்பிள்ளை இப்போது எங்கே இருக்கிறான் என்று யோசித்து, நண்பனுக்கு போன் போட்டு, முக்கால் மணி நேரம் காலி. நான்காவது சில்லறைச் சாமான்: பேனா, கிளிப், சாவி, பேட்டரி, எல்லாம் இன்னொரு பெட்டியில். டிராயரை இழுத்து வெளியே எடுத்து அப்படியே கவிழ்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: வெறும் மேஜையைத் துடைப்பது

நேராக ஈரத்துணியை எடுத்தால் தூசி சேறாகும். முதலில் உலர்ந்த பிரஷ், பிறகு உலர்ந்த துணி, அதன் பிறகுதான் ஈரம். மேலிருந்து கீழே வர வேண்டும். மேஜைக்கு நேர் மேலே ஃபேன் இருந்தால் அதன் இறக்கையை முதலில் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுத்தமான மேஜை மேல் கறுப்பு நூல் மாதிரி அழுக்கு விழும். பழைய தலையணை உறையை இறக்கைக்கு மாட்டி இழுத்தால் அழுக்கு உறைக்குள்ளேயே போய்விடும்.

சன்மைக்கா மேஜைக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு போதும். ஸ்டிக்கர், டேப் ஒட்டிப் பிசுபிசுப்பாக இருக்கிற இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள், பசை உருண்டு வந்துவிடும். பால்பாயின்ட் கறைக்கு சானிட்டைசர். பாலிஷ் போட்ட மர மேஜையாக இருந்தால் சானிட்டைசர், ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள், பழைய பிரெஞ்சு பாலிஷ் என்றால் அது அரக்கு, ஆல்கஹால் பட்டால் கரையும். என் சித்தப்பா வீட்டுத் தேக்கு மேஜையில் ஊரடங்குக் காலத்து சானிட்டைசர் பாட்டில் வைத்த வட்டம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது.

டிராயரின் உள்மூலைகளைப் பாருங்கள். டீத்தூள் மாதிரி கறுப்பாகச் சிதறிக் கிடந்தால் அது கரப்பான் எச்சம். வெள்ளி நிறத்தில் நெளிந்து ஓடுகிற சின்னப் பூச்சி பேப்பரின் பசையையும் மாவுப்பொருளையும் தின்னுவது. இரண்டுக்கும் ஈரமும் இருட்டும் பிடிக்கும். அந்துருண்டை போடலாமா என்று கேட்பீர்கள். தினமும் எட்டு மணி நேரம் மூக்குக்கு நேராக உட்காரும் இடத்தில் நான் போட மாட்டேன், தலைவலி நிச்சயம். மூலையில் கொஞ்சம் போரிக் பவுடர் தூவினால் போதும், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதுவும் வேண்டாம். முக்கியமாக மேஜையைச் சுவரிலிருந்து மூன்று இஞ்ச் தள்ளிப் போடுங்கள். மழைக்காலத்தில் சுவர் ஈரம் ஏறாது, கறையான் மண்கோடு இழுத்தாலும் கண்ணில் படும்.

மூன்றாம் படி: கம்ப்யூட்டரும் வயரும்

மானிட்டரை அணைத்துவிட்டுத் துடைத்தால் அழுக்கு நன்றாகத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் கொடுக்கிற மெல்லிய துணிதான் இதற்குச் சரி. டிஷ்யூ பேப்பர் கீறும். தண்ணீரைத் திரையில் தெளிக்கக் கூடாது, துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும், ஓரத்தில் வழிந்து உள்ளே போனால் அதோடு முடிந்தது. ஜன்னல் கண்ணாடி துடைக்கிற நீலத் திரவம் வேண்டவே வேண்டாம், மேல்பூச்சைக் கெடுக்கும்.

கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டுங்கள். என்னுடையதிலிருந்து முறுக்குத் தூள், முடி, ஸ்டேப்ளர் பின், ஒரு அரிசி. மிச்சத்தை பிரஷ்ஷால் தள்ளி, 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் பட்டன் மேல் துடைத்தால் கைப்பிசுக்கு போய்விடும். செல்போன் ரிப்பேர் கடைக்காரர்கள் ஐபிஏ என்பது இதைத்தான். பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோ இருக்கக் கூடாது, சட்டென்று பற்றும்.

ஒயர்லெஸ் மவுஸ், கால்குலேட்டர், ரிமோட் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. சாதாரண அல்கலைன் பேட்டரிக் கசிவு காரத்தன்மை உள்ளது, எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஈரம் போக உலர்த்தினால் பல நேரம் பிழைத்துக்கொள்ளும். வெறும் கையால் தொட வேண்டாம். உப்பிப்போன செல்போன் பேட்டரி கிடைத்தால் அழுத்திப் பார்ப்பது, குத்துவது, குப்பையில் போடுவது மூன்றும் கூடாது.

சார்ஜர்களை எண்ணுங்கள். எனக்குப் பதினான்கு வந்தன, வீட்டில் இருப்பது மொத்தம் ஐந்து சாதனம். எதற்கு என்று அன்றைக்கே கண்டுபிடிக்க முடியாத வயர் மின்கழிவுப் பெட்டிக்குப் போகட்டும். "என்றைக்காவது" என்று எடுத்து வைத்த எந்தச் சார்ஜரும் எனக்கு இதுவரை உதவியதில்லை. மின்கழிவைத் தெருக் குப்பையில் போடாமல், வாங்கிய நிறுவனத்தின் சேகரிப்பு மையத்துக்கோ பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரருக்கோ கொடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கக் கூடாது. மாப் போடும் தண்ணீர், காலில் இடறுவது, தூசி எல்லாம் அங்கேதான். மேஜையின் உட்பக்கமோ பக்கவாட்டிலோ இரண்டு ஸ்க்ரூ போட்டு மாட்டிவிடுங்கள். ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் சொருகாதீர்கள். 6 ஆம்பியர் பாக்ஸ் என்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 1,380 வாட், கம்ப்யூட்டருக்கு தாராளம், கெட்டில் சேர்ந்தால் போச்சு. லேசர் பிரின்டரைச் சின்ன யுபிஎஸ்ஸில் கொடுக்காமல் நேராகச் சுவர் பிளக்கில் கொடுங்கள், அது சூடாகும்போது இழுக்கிற மின்சாரத்தை யுபிஎஸ் தாங்காது.

நான்காம் படி: பேப்பர். நிஜ வேலை இங்கேதான்

தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். பாதி நேரம் இதற்குத்தான் போகும், போகட்டும்.

வேட்டியை விரித்து நான்கு இடம் ஒதுக்குங்கள். நான் செய்ய வேண்டியவை, வைத்திருக்க வேண்டியவை, அடுத்தவருடையவை, போக வேண்டியவை. ஐந்தாவதாக "அப்புறம் பார்ப்போம்" என்று ஒரு குவியல் தானாகவே முளைக்கப் பார்க்கும், விடாதீர்கள். மேஜையில் இருந்ததே அந்தக் குவியல்தானே. பெட்டியின் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், சுலபமானதைத் தேடிப் பொறுக்கக் கூடாது. கையில் எடுத்த பேப்பர் நான்கில் ஒன்றுக்குப் போகாமல் அடுத்ததைத் தொடக் கூடாது.

முதல் குவியலில் ஒவ்வொரு பேப்பரிலும் பென்சிலால் ஒரு தேதியும் ஒரு வினைச்சொல்லும் எழுதுங்கள். "12-ஆம் தேதி, கட்ட வேண்டும்." "புதன், போன்." வினைச்சொல் எழுத வராவிட்டால் அது செய்ய வேண்டிய பேப்பரே இல்லை, வேறு குவியலைப் பாருங்கள்.

எதை எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். தொழில் செய்பவர்கள் ஜிஎஸ்டி கணக்குகளையும் பில்களையும் அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24 கணக்குக்கு கெடு 2024 டிசம்பர் 31, ஆக அந்த பில்கள் 2030 டிசம்பர் 31 வரை இருக்கட்டும். மேல்முறையீடு, வழக்கு என்று ஏதாவது ஓடினால் இன்னும் நீளும். ஆனால் "வைத்திருக்க வேண்டும்" என்பதற்கு "மேஜையில் வைத்திருக்க வேண்டும்" என்று அர்த்தமில்லை. ஆண்டுக்கு ஒரு பாக்ஸ் ஃபைல், முதுகில் நிதியாண்டையும், "2030 டிசம்பருக்குப் பிறகு போகலாம்" என்று கிளம்பும் தேதியையும் இப்போதே பெரிதாக எழுதி பீரோ மேல் வைத்துவிடுங்கள். அந்தத் தேதி எழுதாததால்தான் நம் வீடுகளில் தாத்தா காலத்து ரசீதுகள் பரண் மேல் கிடக்கின்றன.

கார்டு தேய்த்து வாங்கும் வழவழப்பான பில், பெட்ரோல் பங்க் பில், ஏடிஎம் சீட்டு எல்லாம் தனி ஜாதி. அந்தத் தாளில் மை கிடையாது, சூடு பட்டால் கறுக்கிற பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. அதனால் வெயில் பட்டால், எண்ணெய்க் கை பட்டால், பிளாஸ்டிக் உறைக்குள் நாட்பட வைத்தால் வெளுத்துவிடும். சூடான இடத்தில் வைத்தால் மொத்தத் தாளும் கறுத்துவிடும். யுபிஎஸ் மேல் நான் வைத்திருந்த ஒரு ஃபிரிட்ஜ் பில் வாரன்டி கேட்கும்போது கரிக்கட்டை மாதிரி இருந்தது. இப்படிப்பட்ட பில் வந்த அன்றைக்கே போட்டோ எடுங்கள், வாரன்டி சம்பந்தப்பட்டது என்றால் ஜெராக்ஸ் எடுத்து அட்டையோடு சேர்த்துப் பின் அடியுங்கள். ஜெராக்ஸ் அழியாது.

பின் அடிப்பது பற்றி ஒரு வார்த்தை. குண்டூசியும் ஜெம் கிளிப்பும் ஈரத்தில் துருப்பிடித்துத் தாளில் அச்சு விட்டுவிடும். ரப்பர் பேண்டு நம் ஊர் வெயிலுக்கு ஒரே கோடையில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் எழுத்தையும் சேர்த்து எடுக்கும். பல வருடம் இருக்கப்போகிற கட்டுக்கு துளை போட்டு நூல் டேக் கட்டுவதுதான் நல்லது. பழைய அரசு அலுவலக முறைதான், ஆனால் அவர்கள் ஃபைல் ஐம்பது வருடம் கழித்தும் பிரிகிறது பாருங்கள்.

அடுத்தவருடைய பேப்பர் நம் மேஜையில் இருப்பது நமக்கே ஆபத்து. என் மேஜையில் நான்கு கடைக்காரர்களின் ஒரிஜினல் வாடகை ஒப்பந்தம் இருந்தது. அன்றைக்கே ஸ்கேன் எடுத்து, கவரில் போட்டு, பெயர் எழுதி, வாசல் பக்கம் வைத்தேன். மறுநாள் போய்விட வேண்டும்.

போக வேண்டிய குவியலை அப்படியே பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். ஆதார் நகல், பான் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், கேன்சல் செய்த செக் இவற்றை முதலில் பிரித்துப் பொடிப்பொடியாகக் கிழிக்க வேண்டும். பஜ்ஜி மடித்துத் தந்த தாளில் யாரோ ஒருவருடைய பேங்க் கணக்கு எண்ணை நான் முழுசாகப் படித்திருக்கிறேன். கட்டு பெரிதாக இருந்தால் வாளித் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்துப் பிசைந்தால் கூழாகிவிடும், மிஷினெல்லாம் தேவையில்லை. இனி யாராவது ஆதார் நகல் கேட்டால் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள், தாளின் குறுக்கே எதற்காகக் கொடுக்கிறோம் என்று தேதியோடு எழுதுங்கள்.

அப்புறம் இரண்டுங்கெட்டான் பேப்பர்கள் கொஞ்சம் மிஞ்சும், தினமும் வேண்டாம், பீரோவுக்கும் அனுப்ப முடியாது. நோகுச்சி யுகியோ என்கிற ஜப்பானியப் பொருளாதாரப் பேராசிரியர் 1990களில் பரப்பிய ஒரு முறை இதற்கு அபாரமாக வேலை செய்கிறது. தலைப்பு வாரியாகப் பிரிக்கவே வேண்டாம். ஒவ்வொரு விஷயத்தையும் ஒரு ஏ4 கவரில் போட்டு, மேலே தேதியும் பெயரும் எழுதி, புத்தகம் மாதிரி நிமிர்த்தி வரிசையாக வையுங்கள். புதிது வந்தால் இடது ஓரம். எதை வெளியே எடுத்துப் பார்த்தாலும் திரும்ப வைக்கும்போது அதுவும் இடது ஓரம். மூன்று மாதத்தில் புழங்குகிற கவரெல்லாம் இடது பக்கம் இருக்கும், யாரும் தொடாதவை தானாகவே வலது ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும். அந்த வலது ஓரத்தைத்தான் எப்போதாவது பார்த்துக் கழிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: சில்லறைச் சாமான்

ஒவ்வொரு பேனாவையும் கிறுக்கிப் பாருங்கள். எழுதாதது போகலாம். எழுதுவதில் மூன்று மேஜைக்கு, மிச்சம் வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு. ஸ்டேப்ளர் பின் பெட்டியில் நம்பரைப் பாருங்கள். சின்ன ஸ்டேப்ளருக்கு நம்பர் 10, பெரியதற்கு 24/6. என்னிடம் பெரிய ஸ்டேப்ளரே இல்லை, 24/6 பின் நான்கு பெட்டி இருந்தது.

எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவிகளை ஒரு வளையத்தில் கோத்து வீட்டில் ஒவ்வொருவரிடமும் காட்டுங்கள். மாத்திரை அட்டைகளில் காலாவதித் தேதி பார்த்துவிட்டு மருந்துப் பெட்டிக்கு அனுப்புங்கள், வெயில் படும் மேஜை அதற்கு இடமில்லை.

சரி, எந்த வெளிநாட்டு வழிகாட்டியிலும் இல்லாத பிரச்சினைக்கு வருவோம். விபூதிப் பொட்டலம். கோயில் போய்விட்டு வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒன்று வைத்துவிட்டுப் போவார்கள், குப்பையில் போட யாருக்கும் கை வராது. என் டிராயரில் மட்டும் பழநி, திருச்செந்தூர், ராமேஸ்வரம் என்று பத்தொன்பது பொட்டலம். அத்தனையையும் பிரித்து ஒரே சம்புடத்தில் கொட்டி சாமி அலமாரியில் வைத்தேன், குங்குமத்துக்கு இன்னொரு சம்புடம். காய்ந்த பூவும் வில்வமும் துளசித் தொட்டிக்குப் போயின. கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான். மஞ்சள் தடவிப் பிள்ளையார் படம் போட்டிருப்பதால் வருடக்கணக்கில் தங்கிவிடும். கல்யாணம் முடிந்ததும் படத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியைப் போடுகிறவர்கள் உண்டு. நான் பத்திரிகையின் வெற்றுப் பின்பக்கத்தைத் துண்டுத்தாளாக வெட்டிக்கொள்கிறேன், நல்ல கெட்டித் தாள். வருடப் பிறப்புக்குக் கடைகள் கொடுக்கும் டைரியில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஜனவரியிலேயே கொடுத்துவிடுங்கள், மார்ச்சில் யாரும் வாங்க மாட்டார்கள்.

ஆறாம் படி: திரும்ப வைப்பது

நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை உடம்போடு வைத்துக்கொண்டு கையை அரைவட்டமாக வீசுங்கள். அந்த வட்டத்துக்குள் கீபோர்டு, மவுஸ், ஒரு நோட்டு, ஒரு பேனா. கையை முழுக்க நீட்டினால் எட்டுகிற அடுத்த வட்டத்தில் போன், கால்குலேட்டர், டிரே. எழுந்து நின்றால்தான் எட்டும் என்கிற இடத்தில் பிரின்டரும் ஏ4 கவர் வரிசையும். நாளுக்கு ஒரு தடவையாவது தொடாத பொருளுக்கு மேஜை மேல் இடமில்லை. ஸ்டேப்ளரை நான் வாரத்துக்கு இரண்டு தடவைதான் தொடுகிறேன் என்று தெரிந்ததும் அது டிராயருக்குப் போனது.

மானிட்டர் கண்ணிலிருந்து ஒரு கை நீளம், அதாவது 50 முதல் 70 சென்டிமீட்டர் தூரத்தில், மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி இருக்கட்டும். ஜன்னல் பக்கவாட்டில் வர வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெயில் அடிக்கும். காபி டம்ளரை மேஜையில் வைக்காமல் பக்கத்தில் மேஜையைவிடத் தாழ்ந்த ஒரு ஸ்டூலில் வைக்கிறேன். கொட்டினால் தரையில் கொட்டும், லேப்டாப்பில் கொட்டாது.

டிராயருக்குள் தடுப்பு வேண்டுமென்றால் பழைய பிளாஸ்டிக் டப்பாக்கள் போதும். தீபாவளி ஸ்வீட் பெட்டி அளவு கச்சிதமாகத்தான் இருக்கும், ஆனால் நெய் வாசனைக்கு எறும்பு வரும், அட்டை மடிப்புக்குள் கரப்பான் குடியேறும். அனுபவம். டிரே இரண்டு மட்டும்: புதிதாக வந்தவற்றுக்கு ஒன்று, யாருடைய பதிலுக்காகவோ காத்திருப்பவற்றுக்கு ஒன்று. இரண்டாவதுதான் முக்கியம், அது இல்லாமல்தான் என் செக் டைரிக்கு அடியில் போனது.

கம்ப்யூட்டருக்குள் இருக்கிற டெஸ்க்டாப்பையும் இதே நாளில் தொடாதீர்கள். அது தனி ஞாயிற்றுக்கிழமை.

ஏழாம் படி: மறுபடி குவியாமல் இருக்க

வேலையை முடிக்கும்போது பத்து நிமிடம். வந்த டிரேயைக் காலி செய்வது, டம்ளரை எடுத்துப்போவது, நாளைக்கு முதலில் செய்ய வேண்டிய ஒரே ஒரு பேப்பரை நடுவில் வைப்பது. மாதத்தில் ஒரு நாள் கவர் வரிசையின் வலது ஓரத்தைப் பார்ப்பது. வருடத்துக்கு ஒரு தடவை முழுக்க இறக்குவதற்கு ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிறைவிட நல்ல நாள் கிடையாது. எப்படியும் கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைக்கப் போகிறோம், பொட்டு வைக்க இடம் தெரிய வேண்டாமா.

உண்மையான எதிரி வீட்டில்தான் இருக்கிறார்கள். காலியான மேஜை கண்ணில் பட்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. முதல் வாரத்திலேயே இஸ்திரி போட்ட துணி, கால் கிலோ கத்திரிக்காய், மகளின் ஸ்கூல் ஐடி கார்டு எல்லாம் வந்து உட்கார்ந்தன. சண்டை போட்டுப் பயனில்லை. வாசல் பக்கம் ஒரு பிரம்புக் கூடை வைத்து, "இனி எல்லாம் இதுல" என்று சொல்லிவிட்டேன். முக்கால்வாசி அதில் விழுகிறது.

மஞ்சப்பைகளுக்கு மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் வரிசையாக ஆறு ஆணி அடித்து, ஒவ்வொன்றின் மேலும் கடைப் பெயர் எழுதினேன். அண்ணாச்சி அடுத்த மாதம் வந்தபோது பையை வழக்கப்படி மேஜைக்குக் கொண்டுபோனவர் பாதியில் நின்று, தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து மாட்டிவிட்டு, டம்ளரை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.